திருப்பித் தர வேண்டியதில்லை என்று ஒரு கடிதம்

ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். என் முதுகு மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. உன் முழங்கால் எப்படி? படியேறும்போது இன்னும் சத்தம் போடுகிறதா, இல்லை உன்னைப் போலவே பேசாமல் இருக்கப் பழகிவிட்டதா?

நீ அனுப்பிய பணம் வந்துவிட்டது. எட்டாம் தேதி கேட்டேன், பதினாலாம் தேதி வந்து நிற்கிறது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "சௌகரியப்பட்டபோது கொடு." அவ்வளவுதான். அந்தப் பணத்தைக் கேட்பதற்கு நான் நாலு பக்கம் எழுதினேன். அதற்கு முன் மூன்று முறை எழுதிக் கிழித்தேன். ஐம்பத்திரண்டு வயதில் அக்காவிடம் கை நீட்டுகிறவன் எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று கண்ணாடியில்கூடப் பயிற்சி எடுத்தேன். நீ ஒரே வரியில் முடித்துவிட்டாய். நன்றி என்று எழுதினால் "லூசு" என்பாய். எழுதாவிட்டால் உன் தம்பி பெண்டாட்டி எனக்குச் சாப்பாடு போடமாட்டாள். ஆகவே, நன்றி.

இதை போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் அரைமணி நேரம் பேசினால் நீ "ம்" என்கிறாய். அந்த "ம்"முக்கு நான் காசு கட்டவேண்டியிருக்கிறது. கடிதத்தில் குறைந்தது நாலு வரியாவது எழுதுகிறாய்.

வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்த டயர் கடை மாடியில் பதினேழு வருஷம் குடியிருந்துவிட்டோம். கீழே காற்றடிக்கும் மெஷின் ஓடினால் மேலே எங்கள் கட்டில் நடக்கிறது. படுக்கும்போது மேற்குச் சுவர், எழுந்திருக்கும்போது கிழக்குச் சுவர். புது வீட்டில் கீழே இரண்டு அறை, மாடியில் இரண்டு அறை, பின்பக்கம் கார் நிறுத்த இடம். டிரைவிங் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவனுக்கு அந்தக் கார் நிறுத்தும் இடம் அரண்மனை. விற்கிறவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். சுவரைத் தட்டிக் காட்டும்போது "வலிக்குதா?" என்று சுவரைக் கேட்டுவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். முன்பணம் கொடுத்தாகிவிட்டது. மே மாதம் முப்பத்தொன்றுக்குள் மீதியைக் கட்டவேண்டும். தவறினால் வீடும் இல்லை, முன்பணமும் இல்லை. அதில் உன் பணமும் இருக்கிறது என்பதால் எனக்குத் தூக்கம் குறைச்சல்.

இப்போது வீட்டில் ஒரே விவாதம்: லோனுக்கு நேரே பேங்க்குக்குப் போவதா, தரகரிடம் போவதா. நான் பேங்க் கட்சி. அங்கே லோன் பிரிவில் இருப்பவர் என்னிடம் கார் ஓட்டக் கற்றவர். இவள் தரகர் கட்சி. பஸ் நிலையத்து டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறவளுக்கு ஊரில் தெரியாத ஆளே கிடையாது. ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் மேசை போட்டிருக்கும் ஒரு தரகரம்மாவையும் தெரிந்துவைத்திருக்கிறாள்.

"உங்க ஸ்டூடன்ட் உங்க காரை எத்தனை தடவை சுவத்துல மோதினாரு?"

"ரெண்டு."

"டெஸ்ட்ல பாஸ் ஆனாரா?"

"நாலாவது தடவை."

"அவர் கையில நம்ம வீட்டைக் குடுக்கப் போறீங்க."

தரகர் என்ற சொல்லைக் கேட்டாலே என் கை தானாகச் சட்டைப் பையைப் பொத்திக்கொள்கிறது. நீ என்ன சொல்கிறாய்? முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. பதில் எழுது.

உன் வாயாடித் தம்பி


பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். முழங்காலில் சத்தம் குறைவு. உன் முதுகுக்கு, கார் சீட்டில் துண்டை நாலாக மடித்து வை.

நன்றி எல்லாம் வேண்டாம். லூசு.

பேங்க்கா தரகரா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ரத்தம். சந்தேகம் வந்தால் ஒரே ரத்தத்தை இரண்டு லேபில் கொடுத்துப் பார்ப்பார்கள். நீயும் இரண்டு இடத்திலும் கேள்.

இங்கே சாமான்களை ஒழித்துக்கொண்டிருக்கிறேன். இருபது வருஷத்துச் சாமான். நீ காலேஜில் போட்ட பச்சை ஸ்வெட்டர் கிடைத்தது. அனுப்பட்டுமா, எறியட்டுமா?

அவளையும் விசாரித்ததாகச் சொல்.

அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

துண்டு மடித்து வைத்தேன். முதுகு தேவலை. ஆனால் இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டதால், மாணவர்கள் என்னைப் பார்த்துக் கூடுதலாகப் பயப்படுகிறார்கள். ஸ்வெட்டரை எறி, அதற்குள் நுழைகிற ஆள் இப்போது இல்லை. நீ சளி இருமல் இல்லாமல் இருக்கிறாயா?

பேங்க்குக்குப் போனேன். என் மாணவருக்கு நான் வைத்த பெயர் ரிவர்ஸ். ஏனென்றால் அது ஒன்றுதான் அவருக்கு வராது. கண்ணாடி அறையில் டை கட்டி உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பழக்கதோஷம், சீட் பெல்ட்டைத் தேடுகிற மாதிரி தோளைத் தொட்டுக்கொண்டார்.

"மாஸ்டர், உங்களுக்கு இல்லாத லோனா! ஒரே ஒரு விஷயம். ஜனவரி பதினாலு ஒரு பெரிய தொகை உங்க கணக்குல வந்திருக்கே, அது என்ன?"

"எங்க அக்கா குடுத்தாங்க."

"சும்மாவா, கடனாவா?"

"சேச்சே, சும்மா வாங்குவேனா? திருப்பிக் குடுத்துடுவேன்."

ரிவர்ஸ் பேனாவை மூடி வைத்தார். கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மாஸ்டர், நீங்க இப்பச் சொன்னது எனக்குக் கேக்கலை."

விஷயம் இதுதான் அக்கா. நான் உன்னிடம் கடன் வாங்கியிருந்தால், பேங்க் கணக்குப்படி எனக்கு இரண்டு கடன். எங்கள் இரண்டு பேர் வருமானம் இரண்டு கடனுக்கு எட்டாது. லோன் கிடையாது. ஆனால் நீ அதை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. அதற்கு உன் கையெழுத்தில் ஒரு கடிதம் வேண்டும்: 'இது அன்பளிப்பு. திருப்பித் தர வேண்டியதில்லை.'

"அப்புறம் நீங்க அவங்களுக்குத் திருப்பிக் குடுக்கறதும் குடுக்காததும் உங்க குடும்ப விஷயம். எல்லாரும் இப்படித்தான் மாஸ்டர் செய்யறாங்க" என்றார்.

ஆகவே அக்கா, இது பேங்க்குக்காக மட்டும். நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. நமக்குள் பேச்சு மாறாது. ஐந்து வருஷத்தில் மாசாமாசம் கொடுத்து முடித்துவிடுவேன். இதை இவளிடம் சொன்னேன். "ம்" என்றாள். உன்னிடம் எப்போது டியூஷன் எடுத்தாளோ தெரியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

வாயாடி


மார்ச் 10

அன்புள்ள தம்பிக்கு,

நலம். சளி இல்லை. இங்கே மழை. லேபில் இரண்டு பேர் லீவு, வேலை அதிகம்.

நீ கேட்ட கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். இந்த மாதிரி எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் சொல்.

அவளுக்கு என் அன்பு.

அக்கா

(இணைப்பு)

மதிப்பிற்குரிய வங்கி அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் உடல்நலத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்களிடம் வீட்டுக் கடன் கேட்டிருக்கும் டிரைவிங் மாஸ்டரின் அக்கா நான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். ஜனவரி 14 அன்று என் தம்பிக்கு நான் அனுப்பிய பணம் அன்பளிப்பு. திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் அவன் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். ஐந்து வருஷம் என்கிறான். எட்டு ஆகலாம். ஏமாற்றுகிற சுபாவம் கிடையாது. மறந்துபோவான், சின்ன வயதிலிருந்தே அப்படி. உள்ளதைத் தங்களிடம் சொல்லிவிடுவது என் கடமை. அவனுக்கு முதுகுவலி இருப்பதால் அதிக நேரம் காக்கவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அவன் அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்பதற்கு முன்னால் உன் காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கொள்கிறேன். அப்படி ஒரு கடிதத்தை உலகத்தில் எந்தப் பேங்க்கும் வாங்கியிருக்காது.

ரிவர்ஸ் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"மாஸ்டர், இது அன்பளிப்புக் கடிதமா, கோர்ட் வாக்குமூலமா?"

"எங்க அக்கா அப்படித்தான் சார். அவங்க எழுதற ரிப்போர்ட்ல சர்க்கரை இருந்தா இருக்குன்னுதான் வரும்."

"இதை நான் பார்க்கவே இல்லை. புதுசா ரெண்டே வரியில வாங்கிட்டு வாங்க. 'ஆனால்'னு ஒரு வார்த்தை வரக்கூடாது."

ஆனாலும் எழுந்துபோய், எனக்கு முதுகு சாய்க்கிற நாற்காலி ஒன்றை அவரே தூக்கிக்கொண்டு வந்து போட்டார். உன் சிபாரிசுக்கு மதிப்பு இல்லாமல் இல்லை.

வெளியே வந்ததும் இவள் என் கையைப் பிடித்து ஜெராக்ஸ் கடைக்கு இழுத்துப்போனாள். "இன்னொரு லேப்லயும் பாத்துடலாம்னு அண்ணியே எழுதியிருக்காங்க இல்ல?" உன் வார்த்தையை என் மேலேயே திருப்பிவிட்டாள்.

தரகரம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். மெஷின் சூட்டுக்கு நடுவே ஒரு மேசை, இரண்டு போன், ஒரு பிஸ்கட் டப்பா. இருபது வருஷம் பேங்க்கில் லோன் பிரிவிலேயே இருந்துவிட்டு வெளியே வந்தவராம். நான் பையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். உன் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துச் சிரித்தார் பார், ஜெராக்ஸ் எடுக்கிறவர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டவர் சட்டென்று முகம் மாறிப்போனார்.

"தம்பி, பொய் சொல்லவே வராத மனுஷிகிட்ட பொய்க் கடிதம் கேட்டிருக்கீங்களே."

"சும்மா ஃபார்மாலிட்டிதாம்மா."

"ஃபார்மாலிட்டிதான். நாளைக்கு நீங்க வண்டியோட எங்கயாவது போய் மோதிட்டீங்கன்னு வைங்க…"

"நான் ஓட்டறதில்லம்மா. ஓட்டக் கத்துக் குடுக்கறவன்."

"அப்ப இன்னும் சீக்கிரம். அப்புறம் அந்தம்மா யார்கிட்ட போய்ப் பணத்தைக் கேப்பாங்க? வேண்டாம்னு அவங்களே எழுதிக் குடுத்திருப்பாங்க. சரி, அந்தப் பணத்தை அவங்க எதுக்கு வச்சிருந்தாங்க?"

"சேமிப்பும்மா."

"எதுக்குன்னு கேட்டேன்."

எனக்குத் தெரியவில்லை அக்கா. இவளைப் பார்த்தேன். இவள் பிஸ்கட் டப்பாவைப் பார்த்தாள்.

"கேட்டுட்டு வாங்க. அதுவரைக்கும் ஃபைலைத் தொடமாட்டேன்" என்று டப்பாவை என் பக்கம் தள்ளினார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கமிஷன் வாங்குகிறவர் வேலையைப் பார்க்காமல் நம்மைக் கேள்வி கேட்கிறாரே என்று. ரோஷத்தோடு மூன்று பிஸ்கட் தின்றேன்.

வீடு வரும்வரை அந்தக் கேள்வி பின்சீட்டில் உட்கார்ந்திருந்தது. ஆகவே கேட்கிறேன். அந்தப் பணத்தை எதற்கு வைத்திருந்தாய்?

உடனே எழுது. மழையில் நனையாதே.

தம்பி


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. உன் வீட்டு போன் உபயோகத்தில் இல்லை என்று ஒரு மெஷின் சொல்கிறது. பில் கட்ட மறந்தாயா? மறக்கிறது என் இலாகா அல்லவா? லேபுக்குப் போட்டேன். "மேடம் வேலையா இருக்காங்க, நல்லா இருக்காங்க" என்று ஒரு பெண் சொல்லி வைத்துவிட்டாள். அதனால் இதை லேப் விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

பல் டாக்டர் திங்கட்கிழமைதோறும் விசாரிக்கிறார். மருந்து கொடுத்துவிட்டு, ஈறு மரத்துப்போயிற்றா என்று கேட்கிற அதே குரல். இன்னும் ஆறரை வாரம்தான் இருக்கிறது. ஆனால் நான் அதற்காக எழுதவில்லை. நான் கேட்ட கேள்வியில் வருத்தப்பட்டுவிட்டாயோ என்றிருக்கிறது.

இரண்டு வரி போதும். "ம்" என்று எழுதினாலும் சரி. இவளும் விசாரிக்கிறாள்.

தம்பி


ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். வருத்தம் ஒன்றுமில்லை. கொஞ்சம் வேலையிருந்தது, அதனால் தாமதம்.

பேங்க் கேட்டபடி இரண்டே வரியில் எழுதி வைத்திருக்கிறேன். 'ஆனால்' இல்லை. இது பொய்க் கடிதம் இல்லை. யோசித்துத்தான் எழுதினேன். திருப்பித் தர வேண்டாம். நிஜமாகவே வேண்டாம்.

நீ கேட்டதற்கு: சும்மாதான் வைத்திருந்தேன்.

நாள் கடத்தாமல் கொண்டுபோய்க் கொடுத்துவிடு. இரண்டு பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா


ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் எப்படியிருக்கிறது? புது இடத்தில் எத்தனை படி?

ஆமாம், தெரிந்துவிட்டது. நானாகக் கண்டுபிடிக்கவில்லை; அந்தப் பெருமை எனக்கு வேண்டாம். உன் கடிதத்தை வாங்கியதும் நான் குதித்துக்கொண்டு பேங்க்குக்கு ஓடினேன். வரிசையில் நிற்கும்போது இவள் உறையைத் திருப்பிப் பார்த்தாள். நாள் முழுக்க யார் எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று பார்ப்பதே அவள் தொழில்.

"அனுப்புநர் விலாசம் அண்ணி வீட்டு விலாசம் இல்லையே?"

"லேப் விலாசமா இருக்கும்."

"லேப்ல மூணாவது மாடி, ஆறாம் நம்பர் ரூமா?"

வரிசையை விட்டு வெளியே வந்தோம். பழைய டைரியில் உன் வாடகை வீட்டுச் சொந்தக்காரர் நம்பர் இருந்தது. அவர் நல்ல மனுஷர். நான் கேட்டதும் ஆச்சரியப்பட்டார்.

"உங்ககிட்டச் சொல்லலையா? மார்ச் கடைசியில காலி பண்ணிட்டாங்களே சார். வீட்டை வித்தாச்சு. முதல்ல அவங்ககிட்டதான் கேட்டேன். இருபது வருஷமா இருக்கறவங்க ஆச்சே. டிசம்பர்ல, 'நானே வாங்கிக்கறேன், முன்பணம் கையில இருக்கு'ன்னாங்க. ஜனவரி நடுவுல வந்து வேண்டாம்னுட்டாங்க. ஏம்மான்னு கேட்டேன். 'ம்'னாங்க."

ஜனவரி நடுவில்.

நான் நாலு பக்கம் ஜோக் அடித்து, உன் காலடியில் இருந்த வீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். நீ இருபது வருஷத்துச் சாமானை ஒழித்துக்கொண்டிருந்தபோது நான் ஸ்வெட்டரைப் பற்றி நக்கல் செய்திருக்கிறேன். இரண்டு நாள் நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. புதிதாகக் கற்றுக்கொள்கிற ஒரு பெண், "மாஸ்டர், நான் அவ்வளவு மோசமாவா ஓட்டறேன்?" என்று ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதுவிட்டாள்.

அப்புறம் தரகரம்மாவிடம் போனோம். பணத்தை உனக்கு அனுப்பிவிடுகிறேன், வீடு வேண்டாம் என்றேன்.

"அனுப்புங்க. அவங்க வீடு வித்தாச்சு. உங்க முன்பணமும் போயிடும். ரெண்டு பேரும் தெருவுல நின்னு ஒருத்தருக்கொருத்தர் தியாகம் பண்ணிக்கலாம்." நாக்கில் சவரக் கத்தி வைத்திருக்கிறார். அப்புறம் ஒரு காகிதத்தை எடுத்தார். "ஏன் தம்பி, அன்பளிப்பு இல்ல, கடன் இல்ல, அந்தப் பணத்துக்குப் பங்குன்னு போட்டா என்ன? பத்திரத்துல அவங்க பேரும் இருக்கட்டும். யாரும் பொய் சொல்ல வேண்டாம்."

பேங்க்கில் கேட்டேன். ரிவர்ஸ் மேசையின் எல்லா இழுப்பறையையும் திறந்து பார்த்துவிட்டு, "புருஷன் பெண்டாட்டி சேர்ந்து வாங்க ஃபாரம் இருக்கு மாஸ்டர். அக்கா தம்பிக்கு எங்ககிட்ட ஃபாரமே இல்லை" என்றார். பாவம், நிஜமாகவே வருத்தப்பட்டார். தரகரம்மாவுக்கு ஒரு கூட்டுறவுச் சங்கம் தெரியும். அங்கே அக்கா தங்கை தம்பி யார் சேர்ந்து வாங்கினாலும் கொடுப்பார்களாம். வட்டி கால் சதவீதம் கூட. கூட இருந்துவிட்டுப் போகட்டும்.

உன் இரண்டு வரிக் கடிதத்தை நான் எங்கேயும் கொடுக்கவில்லை. பாதி வீடு உன் பேரில் எழுதச் சொல்லியிருக்கிறேன். சரி என்று மட்டும் எழுது. மே பத்துக்குள் உன் பதில் வந்தால் நேரம் இருக்கிறது. கீழ் அறை உனக்கு. நீ எப்போது ஓய்வு பெறுகிறாயோ அப்போது வா.

இந்த ஒரு தடவை விளையாட்டாக எழுதவில்லை அக்கா.

தம்பி

அண்ணிக்கு வணக்கம். இவர் எழுதினதைப் படிச்சிட்டேன். அழுதுக்கிட்டே எழுதினார், அதை மட்டும் எழுதலை. நான் ஒண்ணு சொல்றேன். உங்களைப் பரிதாபப்பட்டுக் கூப்பிடலை. கீழ் அறைக்குத் தனி வாசல் இருக்கு, அதை நான்தான் முதல்ல பார்த்தேன். நமக்குள்ள சண்டை வந்தா நீங்க ஒரு கதவைச் சாத்தலாம், நான் ஒரு கதவைச் சாத்தலாம். நடுவுல இவர் நிக்கட்டும். முப்பது வருஷமா இவர் ஜோக்கை நான் ஒருத்தியே கேட்டுக்கிட்டு இருக்கேன். பாரத்தைப் பங்கு போட ஆள் வேணும். உடம்பைப் பார்த்துக்குங்க.


மே 7

அன்புள்ள உங்கள் இருவருக்கும்,

நலம். படி நாற்பத்தி இரண்டு. முழங்கால் ஒத்துழைக்கிறது.

வீட்டுச் சொந்தக்காரர் சொன்னது எல்லாம் சரி. "சும்மாதான் வைத்திருந்தேன்" என்று நான் எழுதியது பொய். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உண்மையைச் சொன்னால் நீ பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை.

ஆனால் நீ ஒன்றைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். டிசம்பரில் அந்த வீட்டை வாங்கலாம் என்று முடிவு செய்தேன். பத்திர நகல்கூட வாங்கிவந்து மேசைமேல் வைத்தேன். சந்தோஷம் வரும் என்று பத்து நாள் பார்த்தேன். வரவில்லை. அப்புறம் உன் நாலு பக்கம் வந்தது. மூன்றரைப் பக்கம் உளறிவிட்டுக் கடைசியில் பணம் கேட்டிருந்தாய். அப்பா போனபிறகு நீ என்னிடம் எதுவுமே கேட்டதில்லை. உனக்கு வேலை போன வருஷம்கூடக் கேட்கவில்லை; சிரிக்கச் சிரிக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாய். விஷயம் எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த கோபம் உனக்குத் தெரியாது. இந்தத் தடவை கேட்டாய். அன்று லேபில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். ஆகவே நன்றி சொல்லவேண்டியவள் நான்.

காலி செய்த அன்று கஷ்டமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் ரிப்போர்ட் முழுசாகாது.

பாதி வீடு வேண்டாம். மொத்த விலையில் என் பணம் ஐந்தில் ஒரு பங்கு. ஐந்தில் ஒன்று என்றே எழுதச் சொல். அதற்கு மேல் எழுதினால் கையெழுத்துப் போடமாட்டேன். லீவு கிடைக்காது. எனக்குப் பதிலாக நீயே கையெழுத்துப் போட என்ன பத்திரம் வேண்டும் என்று அந்தம்மாவிடம் கேட்டு அனுப்பு. உடனே எழுதித் தருகிறேன். அவரை எனக்குப் பிடித்திருக்கிறது.

கீழ் அறை பற்றி இப்போது கேட்காதே. டிசம்பர் வரை வேலை இருக்கிறது. தனியாக இருந்து பழகியவள் நான்.

அவள் எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

அக்கா


ஜூன் 4

பெருமதிப்பிற்குரிய ஐந்தில் ஒரு பங்கு உரிமையாளர் அவர்களுக்கு,

தங்கள் முழங்கால், தங்கள் நாற்பத்தி இரண்டு படிகள், தங்கள் லேப் யாவும் சௌக்கியமா? இங்கே மீதி ஐந்தில் நாலு பங்கும் சௌக்கியம். முதுகு மட்டும் வழக்கப்படி.

மே இருபத்தொன்பதாம் தேதி பத்திரம் பதிவாகிவிட்டது. கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால். எனக்கு மூச்சு முட்டிவிட்டது. தரகரம்மா மட்டும் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பதிவு அலுவலகத்தில் எழுத்தர், "முதல் பேர் யாரு?" என்றார். "மூத்தவங்க அவங்கதான்" என்றேன். ஆகவே பத்திரத்தில் முதலில் நீ, அப்புறம் நான், அப்புறம் இவள். உன் பெயருக்கு நேரே உனக்காக நான் கையெழுத்துப் போட்டேன். பள்ளிக்கூடத்தில் அப்பா கையெழுத்தைப் போட்டு மாட்டிக்கொண்டவன், வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொருவர் கையெழுத்தைச் சட்டப்படி போட்டேன்.

தரகரம்மாவுக்கு அவர் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு, நன்றி சொல்ல வாயெடுத்தேன். எனக்கு வார்த்தை வராமல் போகும் என்று யாராவது சொன்னால் நம்புவாயா? "போங்க தம்பி, ஆள் காத்திருக்காங்க" என்று அடுத்தவரைக் கூப்பிட்டார். நான் பையைப் பொத்திக்கொண்டு போன அன்றைக்கு அவர் மட்டும் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல், உன்னிடம் இரண்டு வரி வாங்கிவரச் சொல்லியிருந்தால், நான் இன்றைக்கு உன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு என் வீடு என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஒரு வம்பு. ரிவர்ஸ் கோபித்துக்கொண்டிருப்பார் என்று பயந்தேன். வீடு பார்க்க வந்தார், காரைப் பின்னால் எடுத்துப் புது வாசல் தூணை ஒரு இடி இடித்தார், மன்னிப்புக் கேட்டார். அப்போதுதான் வாய் தவறிச் சொல்லிவிட்டார்: அவருடைய சொந்த வீட்டுக்கு லோன் வாங்கிக்கொடுத்ததே அந்தத் தரகரம்மாதானாம். "பேங்க்ல சொல்லிடாதீங்க மாஸ்டர்." நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடமும், டயர் கடைக்காரரிடமும், பல் டாக்டரிடமும் தவிர.

இனி மனு. கீழ் அறையையொட்டிய குளியலறையில் குழாய் ஒழுகுகிறது. உரிமையாளர்களில் முதல்வர் என்ற முறையில் தாங்கள் தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அறை பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. குழாயைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். இவள் அந்த அறையைக் காலியாகவே வைத்திருக்கிறாள். என் பழைய டயரைக்கூட உள்ளே வைக்க விடமாட்டேன் என்கிறாள்.

நன்றி அக்கா. லூசு என்று எழுது, பரவாயில்லை.

வாயாடி


ஜூன் 17

அன்புள்ள தம்பிக்கு,

லூசு.

நலம். மனு கிடைத்தது. குழாய்க்கு வாஷர் போதும். ஐந்தில் ஒரு பங்கு வாஷர் கடையில் கிடைக்காது, முழுசாக வாங்கு. மாட்டுவதற்கு முன் தண்ணீரை நிறுத்து. நீ நிறுத்த மறப்பாய், அவளை நிறுத்தச் சொல்.

கீழ் அறையில் ஜன்னல் இருக்கும் சுவர் எவ்வளவு நீளம்? என் கட்டில் ஆறே முக்கால் அடி. அளந்து எழுது.

அவளுக்கு என் அன்பு.

அக்கா


ஜூன் 23

அன்புள்ள அக்காவுக்கு,

பத்தடி இரண்டு அங்குலம். மூன்று தடவை அளந்தோம்.

தம்பி